நடுவரும் நாமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

வேலை முடிந்த களைப்பையும் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் மேலாக, "இந்தப் பெரியவர் எப்போது பேசி முடிப்பார், எப்போது பரிசு கொடுப்பார்கள்" என்று மேசைமேல் இருக்கும் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வெற்றி பெற்றவர்களைப் பாராட்டுவார்கள். அது முறை. நானும் பாராட்டுகிறேன். ஆனால், இன்று இரவு உங்களில் பலர் வீட்டில் வேறொரு பேச்சு நடக்கும் என்பது எனக்குத் தெரியும். "அந்தப் பிள்ளைக்கு எப்படி முதல் பரிசு கொடுத்தாங்க? நம்ம பிள்ளை அதைவிட நல்லாத்தானே பேசுச்சு? நீதிபதிக்குக் காது கேக்கலியா?" என்று ஒரு தாய் கேட்பார். "ஓட்டப் பந்தயத்தில நான்தான் முதல்ல வந்தேன், சார் சரியா பார்க்கல" என்று ஒரு மகன் அழுவான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளித் திடலில் விசிலோடு நின்றவன் நான். எனக்குத் தெரியாதா அந்தப் பேச்சு?

ஆகவே, இன்று பரிசு வாங்குகிறவரைப் பற்றியும் கொடுக்கிறவரைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவே நின்று, இருபுறமும் ஏச்சு வாங்குகிற ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவர்தான் நடுவர்.

அதற்கு உங்களைக் கொஞ்ச நேரம் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கடவுச்சீட்டு வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

என் தங்கை குடும்பம் அந்நாட்டுத் தலைநகரமான கன்பராவில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நான் அங்கே விருந்தாளி. போன நேரம் நல்ல நேரமா கெட்ட நேரமா என்று சொல்லத் தெரியவில்லை. ஊரே பச்சை நிறத்தில் மூழ்கிக் கிடந்தது. கடையில் பச்சைக் கொடி, காரில் பச்சைத் துணி, என் தங்கை மகன் உடம்பில் பச்சைச் சட்டை! "என்னடா மருமகனே, ஊர்த் திருவிழாவா?" என்று கேட்டேன். "மாமா, 1994-க்கு அப்புறம் இப்பத்தான் நம்ம ரெய்டர்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கு. இருபத்தஞ்சு வருசம் மாமா!" என்றான். அவன் பிறப்பதற்கு முந்திய வெற்றிக்காக அவன் கண்ணில் ஏக்கம்! விளையாட்டு என்பது அப்படிப்பட்டதுதான்.

அந்த விளையாட்டின் பெயர் ரக்பி லீக். நம்மூரில் ஆடப்படும் பதினைந்து பேர் ரக்பிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். பிறந்த கதையைக் கேட்டால் நம் தோட்டத்து மக்களுக்கு உடனே புரியும். இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் சனிக்கிழமைகளில் ரக்பி ஆடுவார்கள். ஆடப் போனால் அரைநாள் சம்பளம் போய்விடும். "இழந்த கூலியையாவது கொடுங்கள்" என்று கேட்டார்கள். பணம் வாங்கி ஆடுவது மரியாதைக்குரியவர்களுக்கு அழகல்ல என்று மேலிடத்தார் மறுத்துவிட்டார்கள். கூலி போனால் அடுப்பு எரியாது என்பது அந்த மேலிடத்தாருக்கு எங்கே தெரியப் போகிறது? 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஹடர்ஸ்பீல்டு என்னும் ஊரின் ஜார்ஜ் ஓட்டலில் வடபகுதிக் குழுக்கள் கூடித் தனிச் சங்கம் கண்டன. 1906-இல் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைத்தன. 1908-இல் சிட்னியில் போட்டி தொடங்கியது. உழைப்பாளி வீட்டில் பிறந்த விளையாட்டு அது.

ஆட்ட முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர்களே, இதைக் கவனமாகக் கேட்டால்தான் பின்னால் வரும் சண்டை புரியும். ஆட்டம் 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணி முன்னேறி ஓடும். எதிரணியினர் பிடித்து வீழ்த்துவார்கள். பிடிபட்டவர் எழுந்து காலால் பந்தைப் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். இப்படி ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது பிடியோடு பந்தை எதிரணியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். உதைத்த பந்து எதிரணியினர் மேல் பட்டுத் திரும்பி வந்தால், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கு நடுவர் கையை உயர்த்தி அசைத்து அடையாளம் காட்டுவார். "மீண்டும் ஆறு" என்று அதற்குப் பொருள். இந்த ஒரு கையசைப்புதான் நம் கதை.

1967-க்கு முன்பு சிட்னியில் இந்த எண்ணிக்கையே கிடையாது. ஓர் அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டே இருக்கலாம். அவ்வாண்டு நான்கு பிடி என்று வரம்பு கட்டினார்கள். 1971-இல் அது ஆறாயிற்று. விதி கூடும்போதெல்லாம் நடுவருக்கு வேலையும் கூடும், ஏச்சும் கூடும். எண்ணுகிறவன் இருந்தால்தானே எண்ணிக்கை தவறும்?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2019 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிட்னி ஒலிம்பிக் பூங்கா அரங்கத்தில் 82,922 பேர். ஒரு பக்கம் முந்திய ஆண்டின் வெற்றியாளரான சிட்னி ரூஸ்டர்ஸ். 1908-இல் முதல் போட்டியிலேயே ஆடிய பழம் பெரும் குழு. மறுபக்கம் 1982-இல் போட்டிக்குள் வந்த கன்பரா ரெய்டர்ஸ். நடுவர்கள் இருவர்: பென் கமின்ஸ், ஜெரார்ட் சட்டன். அக்காலத்தில் அப்போட்டிக்குத் திடலில் இரண்டு நடுவர்கள்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு வம்பு. ரூஸ்டர்ஸ் உதைத்த பந்தை ரெய்டர்ஸ் ஆட்டக்காரர் தடுக்க, அது சீறிக்கொண்டு பின்னால் போயிற்று. விரட்டிப் பிடித்திருந்தால் நல்ல வாய்ப்பு. ஆனால் திடலுக்குள் நின்றிருந்த ரூஸ்டர்ஸ் அணியின் பயிற்சி உதவியாளர் மேல் பந்து பட்டுவிட்டது. விதிப்படி ஆட்டம் நின்றது. விதிப்படியே பந்தும் ரூஸ்டர்ஸுக்குப் போயிற்று. என் மருமகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அவங்க ஆள் மேல பட்டதுக்கு அவங்களுக்கே பந்தா? இது என்ன நியாயம் மாமா?" நியாயம் கேட்டான் பையன். நடுவரோ புத்தகத்தில் உள்ள விதியைச் செய்தார். விதியைத் திருத்துவது விதி எழுதியவர்களின் வேலை. விசில் வைத்திருப்பவரின் வேலை அல்ல. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் ரூஸ்டர்ஸ் 8, ரெய்டர்ஸ் 6. இரண்டாம் பாதியில் ரூஸ்டர்ஸின் கூப்பர் குரோங்க், பந்து கைக்கு வந்து சேருமுன்பே எதிராளியைப் பிடித்தார் என்று நடுவர் அவரைப் பத்து நிமிடம் வெளியே அனுப்பினார். புகழ்பெற்ற ஆட்டக்காரர், அவருக்கு அதுவே கடைசி ஆட்டம். அப்படியிருந்தும் நடுவர் தயங்கவில்லை. அப்போது என் மருமகன் நடுவரை வாயாரப் புகழ்ந்தான். "பார்த்தீங்களா மாமா, நேர்மையான ஆளு!" மாணவர்களே, இந்தச் சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருந்தும், அந்தப் பத்து நிமிடத்தில் ரெய்டர்ஸால் ஒரு டிரை கூடப் போட முடியவில்லை. ஆட்டம் எட்டுக்கு எட்டு என்று சமமாக நின்றது. நேரம் ஓடியது. முடிய இன்னும் எட்டு நிமிடம் போல.

ரெய்டர்ஸ் எதிரணியின் கோட்டருகே நெருக்குகிறது. கடைசிப் பிடிக்கு முன் பந்தை உயரே உதைக்கிறார்கள். இருபுறத்தாரும் பாய்கிறார்கள். பந்து சிதறி மறுபடியும் ரெய்டர்ஸ் பக்கமே வருகிறது. கமின்ஸ் கையை உயர்த்தி அசைக்கிறார்: மீண்டும் ஆறு! என் தங்கை வீட்டில் கூரை பறக்காதது ஒன்றுதான் குறை. ஆனால் அடுத்த நொடியே, உடனிருந்த அலுவலர்கள் பந்து ரூஸ்டர்ஸ் மேல் படவில்லை என்று காதுக்கருவி வழியே அவருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அவர் உடனே முடிவை மாற்றி, "இதுவே கடைசிப் பிடி" என்று கத்துகிறார். எண்பதாயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் அரங்கில் ஒருவர் கத்தினால் யார் காதில் விழும்? பந்து ரெய்டர்ஸின் ஜாக் வைட்டன் கையில். அவர் அசைந்த கையைப் பார்த்தார். மாறிய சொல்லைக் கேட்கவில்லை. இன்னும் ஆறு இருக்கிறது என்று நம்பி நிதானமாகப் பிடிபட்டார். நடுவர் பந்தை ரூஸ்டர்ஸிடம் கொடுக்கச் சொன்னார். வைட்டன் திகைத்துப் போனார்.

அதே மூச்சில் ரூஸ்டர்ஸ் முன்னேறியது. லட்ரெல் மிட்செல் எடுத்து வீச, டேனியல் டுப்போ வழியாக ஜேம்ஸ் டெடெஸ்கோ கைக்கு வந்து, டிரை! ஆட்டம் 14-க்கு 8 என முடிந்தது. ரூஸ்டர்ஸ் அடுத்தடுத்து இரண்டாம் ஆண்டும் வெற்றி. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் தோற்ற அணியின் ஜாக் வைட்டனுக்கே கிடைத்தது. அபூர்வமாகவே நடக்கும் சிறப்பு அது. ஆனால் அந்தப் பதக்கத்தை வாங்கும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் தின விடுமுறை. தங்கை வீட்டுப் பின்கட்டில் கரியடுப்பு மூட்டி விருந்து. விருந்தா அது? வழக்கு மன்றம்! நான்கு பேர் நான்கு வழக்கு.

முதல் வழக்கறிஞர் என் மருமகன். "மாமா, கை காட்டினது வாக்குக் கொடுத்த மாதிரி. அதை நம்பித்தானே அந்த ஆளு ஓடினாரு? கொடுத்த வாக்கை நடுவில மாத்தினா அது ஏமாத்து இல்லியா? தப்பா இருந்தாலும் காட்டினபடியே விட்டிருக்கணும்."

இரண்டாவது, சிட்னியிலிருந்து வந்திருந்த அவனுடைய நண்பர், ரூஸ்டர்ஸ் ரசிகர். அவர் சொன்னார்: "பந்து எங்கள் ஆள் மேல் படவில்லை. படாத பந்துக்கு ஆறு பிடி கொடுத்து, அதில் நீங்கள் டிரை போட்டு ஜெயித்திருந்தால், அது எங்களுக்கு நியாயமா? தவறு தெரிந்த பின்பும் தவறையே செய் என்கிறாயா?"

மூன்றாமவர் பக்கத்து வீட்டு முதியவர். பராமட்டா என்ற அணியின் பரம ரசிகர். அவர் 2019-ஐப் பற்றிப் பேசவே இல்லை. "1978!" என்றார். அவ்வாண்டு இறுதிச் சுற்றில் பராமட்டாவுக்கு எதிராக மேன்லி அணி ஏழாவது பிடியில் டிரை போட்டதாம். எண்ணத் தவறியவர் கிரெக் ஹார்ட்லி என்ற நடுவர். நாற்பத்தொரு ஆண்டு ஆகியும் முதியவருக்கு ஆறவில்லை. "ஏழு! ஏழு!" என்று இறைச்சி புரட்டும் கரண்டியால் மேசையைத் தட்டினார். "2013-லும் அதே கதைதானே!" என்றான் மருமகன். உண்மைதான். 2013-ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் குரோனல்லா அணி, வட குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்கு எதிராக ஏழாவது பிடியில் டிரை போட்டது. படப்பிடிப்புக் கருவிகள் பெருகிய காலத்திலும் ஆறு வரை எண்ணுவதில் தவறு நேர்ந்தது! மனிதக் கண் மனிதக் கண்தான்.

நான்காவதாக வாய் திறந்தவள் என் தங்கை. தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஆடினது எண்பது நிமிசம். நீங்க ஒரு விநாடியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க. பத்து நிமிசம் எதிராளி ஒருத்தர் இல்லாம ஆடினாங்களே, அப்ப ஏன்டா ஒண்ணும் போடல? நேத்து ராத்திரி 'நேர்மையான ஆளு'ன்னு அந்த நடுவரைப் புகழ்ந்தியே, ஒரு மணி நேரத்துல நேர்மை எங்கடா போச்சு?" மருமகன் வாயடைத்துப் போனான். கணக்குப் பாடத்தில் தங்கை சிறுவயதிலிருந்தே கெட்டிக்காரி.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "மாமா, நீங்கதான் விசில் ஊதினவராச்சே. தீர்ப்புச் சொல்லுங்க."

அன்பர்களே, அங்கே நான் சொன்ன தீர்ப்பை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த ஒரு விநாடியில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

முதலாவது, முடிவு. பந்து ரூஸ்டர்ஸ் மேல் பட்டதா இல்லையா? படவில்லை. ஆகவே கடைசி முடிவு சரி. போட்டியை நடத்தும் அமைப்பில் ஆட்டத் துறைக்குப் பொறுப்பாக இருந்த கிரஹாம் ஆன்ஸ்லி, தாமும் ஒரு காலத்தில் நடுவராக இருந்தவர், பின்னர் விளக்கம் தந்தபோது இதைத்தான் சொன்னார்: இறுதி முடிவு சரியானது, முதலில் காட்டிய கைதான் தவறு என்று.

இரண்டாவது, அறிவிப்பு. சரியான முடிவைச் சரியாகத் தெரிவித்தாரா? இல்லை. ஆட்டக்காரன் நடுவரின் மனத்தைப் பார்க்க முடியாது, கையைத்தான் பார்ப்பான். அந்தக் கையை நம்பி ஒருவன் நடந்துகொண்டபின், அந்த நம்பிக்கைக்கு நடுவர் பொறுப்பாளி. இங்கே என் மருமகன் பக்கம் நியாயம் இருக்கிறது. வைட்டன் ஏமாளி அல்லர், ஆட்டத்தை நம்பியவர். கை அசையாமல் இருந்திருந்தால் அவர் பந்தை உதைத்திருக்கலாம். வேறு ஏதாவது முயன்றிருக்கலாம். அந்த வாய்ப்புப் போனது போனதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

மூன்றாவது, விளைவு. அதனால்தான் தோற்றார்களா? அதை யாராலும் சொல்ல முடியாது. ஆறு பிடி கிடைத்திருந்தால் டிரை போட்டிருப்பார்கள் என்று உறுதி உண்டா? பந்தைக் கொடுத்த பிறகு டெடெஸ்கோவைத் தடுத்திருக்க முடியாதா? இங்கே என் தங்கை பக்கம் நியாயம்.

பாருங்கள், நான்கு பேரும் கத்தினார்கள். நான்கு பேரிடமும் ஒரு துண்டு உண்மை இருந்தது. தன் கையிலுள்ள துண்டுதான் முழுத் தேங்காய் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால்தான் சண்டை.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மருமகன் விடவில்லை. "சரி மாமா, அவரு இடத்துல நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டான். அந்தக் கேள்விக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டேன். இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். இரண்டு தோட்டப் பள்ளிகளுக்கிடையே காற்பந்து ஆட்டம். நான் நடுவர். திடலைச் சுற்றி இரண்டு தோட்டத்து ஜனங்களும். நாற்காலியில் பெரிய கிராணி, மண்டோர் எல்லாரும். ஒன்றுக்கு ஒன்று சமம். முடிய ஐந்து நிமிடம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், காலில் பூட்ஸ் கூட இல்லை, தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. நான் ஓடி எட்டவில்லை, தொலைவில் இருந்தேன். "ஆடு, ஆடு" என்று கையைக் காட்டிவிட்டேன். கோட்டருகே நின்ற துணை நடுவர் கொடியை உயர்த்தினார். கோட்டைத் தாண்டி விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: அது கோல்.

விசில் வாயில் இருந்தது. ஊதியிருக்கலாம். ஊதவில்லை. ஏன்? "காட்டிய கையை மாற்றினால் இத்தனை ஜனங்கள் முன்னால் என் மரியாதை என்னாவது? சின்னப் பையன் வாத்தியார், ஒன்றும் தெரியாதவன் என்று சிரிப்பார்களே" என்ற பயம். ஆட்டம் தொடர்ந்தது. எதிரணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் வந்தான். அழவில்லை, சண்டை போடவில்லை. "சார், கோட்டைத் தாண்டிச்சு சார். நீங்க பார்க்கலியா?" என்று மட்டும் கேட்டான். நான் அவனிடம், "நடுவர் முடிவே இறுதியானது" என்று சொன்னேன். அந்த வாசகம் விதிப் புத்தகத்தில் உள்ள வாசகம்தான். ஆனால் அன்று நான் அதைச் சொன்னது விதிக்காக அல்ல. என் கோழைத்தனத்தை மூட ஒரு போர்வையாகச் சொன்னேன்.

பல ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது, பேரப்பிள்ளை கையில். "இவருதான் எங்க சார்" என்று பிள்ளைகளிடம் காட்டினார். நான் அவரை ஓரமாக அழைத்து, அன்று நடந்ததைச் சொல்லி, "என்னை மன்னித்துக்கொள் அப்பா" என்றேன். அவர் சிரித்தார். "அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்லியே!" என்றார். ஆடியவர் மறந்துவிட்டார். ஊதாதவன் மறக்கவில்லை.

ஆகவே, எண்பதாயிரம் பேர் முன்னிலையில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, தவறு என்று தெரிந்த நொடியே தம் கையைத் தாமே மாற்றிக்கொண்ட அந்தக் கமின்ஸ் என்ற மனிதரை, முறை தவறிப்போனது என்று குறை சொல்வேன். கோழை என்று சொல்ல மாட்டேன். நான் செய்யத் துணியாததை அவர் செய்தார். இதுதான் என் மருமகனுக்கு நான் சொல்லாமல் வந்த பதில்.

நம் தமிழில் நடுவர் என்ற சொல் எவ்வளவு அழகானது! நடுவில் நிற்பவர் நடுவர். திருவள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். தராசுக்கோலை உவமை காட்டினார். அந்தத் தராசைச் சற்று எண்ணிப் பாருங்கள். எடை வைத்ததும் அது ஆடும். ஆடி, அதன் பிறகுதான் நேராக நிற்கும். ஆடாத தராசு துருப்பிடித்த தராசு! சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான். கண்ணகி வந்து உண்மையைக் காட்டியபோது, "மன்னன் முடிவே இறுதியானது" என்று அவன் சாதிக்கவில்லை. தன் தவற்றைத் தானே ஒப்பினான், உயிரையே விட்டான். அதனால்தான் தவறிழைத்த மன்னனாயினும் இன்றும் அவனை நாம் மதிப்போடு பேசுகிறோம்.

அங்கே பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டில் அப்போட்டியில் இரு நடுவர் முறை போய் மறுபடி ஒரே நடுவர் முறை வந்தது. அதே ஆண்டில், அணித் தலைவர் நடுவரின் முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கும் உரிமையும் வந்தது. ஆனால் அந்த உரிமையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கேட்டது தவறாகப் போனால், அந்த ஆட்டத்தில் மறுபடி கேட்கும் உரிமை போய்விடும். ஆகவே, வாய்க்கு வந்தபடி கத்த முடியாது. உறுதியாகத் தெரிந்தால்தான் கேட்கலாம், தலைவர்தான் கேட்கலாம், மரியாதையாகத்தான் கேட்கலாம். இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. நடுவர் விசில் ஊதும்வரை ஆடுங்கள்; ஊதிய பின் நில்லுங்கள். முடிவு தவறென்று தோன்றினால் உங்கள் அணித் தலைவர் மூலமாகக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, ஏசுவது குற்றம். நாளைக்கு நீங்களே வகுப்புத் தலைவராக, இல்லத் தலைவராக, ஒரு குடும்பத்துக்குத் தலைவராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாள் வரும். அன்று தவறு செய்வீர்கள். தெரிந்ததும் விசிலை ஊதுங்கள். என்னைப் போல் வாயில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பெற்றோர்களே, இன்று இரவு வீட்டில் வழக்கு நடக்கும் என்றேனே, நடத்துங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வழக்கை முழுதாக நடத்துங்கள். முடிவு தவறா, தெரிவித்த முறை தவறா, அல்லது நம் பிள்ளை இன்னும் கொஞ்சம் உழைத்திருக்க வேண்டுமா என்று பிரித்துப் பாருங்கள். பிள்ளைக்கு முன்னால் நீதிபதியைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு பயிற்சிக்கு வராது. "எப்படியும் கள்ளன்தானே தீர்ப்புச் சொல்லப் போகிறான்" என்று உட்கார்ந்துவிடும். நாம் பிள்ளையின் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பிள்ளையின் காலை ஒடித்துவிடுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை வந்து "நீங்க பார்க்கலியா சார்?" என்று கேட்டால், அந்த வாசகத்தைப் போர்வையாக்காதீர்கள். "வா, என்ன பார்த்தாய் சொல்" என்று கேளுங்கள்.

இப்போது என் கடிகாரமும் கடைசிப் பிடி என்று சொல்கிறது. பந்தைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கிறேன். பரிசு பெறுகிறவர்களுக்கு என் வாழ்த்து. பெறாமல் வீடு திரும்புகிறவர்களுக்கு, உங்களைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு பழைய நடுவனின் இன்னும் பெரிய வாழ்த்து.